கேக்கோடு வெந்த ஒன்பதாம் நம்பர்

பேக்கரியின் பின்கட்டில் ஒரு வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதியம் நான் கொண்டுவந்து வைத்தபோது அந்தத் தட்டில் ஒன்பது செம்புத் தகடுகள் இருந்தன. இப்போது கொஞ்சம் மைதாத் தூளும் வழி தவறிய ஓர் எறும்பும் மட்டும் இருந்தன.

தகடுகள் எங்கே என்று சவேரி மாஸ்டரிடம் கேட்டேன். புன்னக்காயலில் இருந்து வந்து பாளையங்கோட்டையில் அந்த விறகு அடுப்பைப் பல வருடமாக ஆண்டுகொண்டிருப்பவர் அவர். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, பிள்ளை பாஸாகிவிட்ட அப்பாவைப் போலச் சிரித்தார்.

“எல்லாம் போயாச்சு டீச்சர். இந்த வருசம் ஒரு கேக்குலயும் துரு இல்ல. சனங்களுக்கு அவ்வளவு சந்தோசம்.”

ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் பக்கத்தில் இருந்த மைதா மூட்டையின்மேல் உட்கார்ந்தேன். என்னுடைய மூன்று வருட ஆராய்ச்சி ஊரார் கேக்குகளுக்குள் குத்தி வைக்கப்பட்டு, வெந்து, ஒன்பது வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் விடிந்தால் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள்.

மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்து ஒரு தேங்காய் பன் கொடுத்தார். அதையும் தின்றேன்.

எலியின் பங்கு

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் ஆய்வகத்து எலியைப் பற்றி எழுதியிருந்தேன். வள்ளியூரில் இருந்து ஒரு வாசகர், எலியின் மேல் ஒரு தவறும் இல்லை, கதவைத் திறந்து வைத்தது யார் என்று கேட்டு எழுதியிருக்கிறார். நான்தான் ஐயா.

போன வாரம் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது நடந்தபோது நான் திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் பாடம் எடுத்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஆய்வகத்தில் இருந்தது ஒரே ஒரு மின்சார உலை. அதற்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்று அளந்து சொல்லும் கம்பியை எலி கடித்துவிட்டது. தனக்கு எவ்வளவு காய்ச்சல் என்று தெரியாமல் உலை விடிய விடியக் காய்ந்து, உள்சுருள் உருகி, ஒரேயடியாகப் படுத்துவிட்டது. பழுது பார்ப்பவர் கோயம்புத்தூரில் இருந்து வர வேண்டும். பொங்கல் கழித்துத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்கோ ஜனவரியோடு கெடு முடிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது முறை கிடையாது. ஜனவரிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். ஆய்வேட்டில் எல்லா அத்தியாயமும் முடிந்து, கடைசி அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

செம்புக்குள் நடக்கும் குடும்பச் சண்டை

அந்தக் கட்டத்தில் என்ன வர வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்றால், செம்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

செம்பு பார்க்க ஒரே துண்டாக இருந்தாலும் உள்ளே பொடிப்பொடி மணிகளாகத்தான் இருக்கும். நன்றாக மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து, நுண்ணோக்கியில் வைத்தால் அந்த மணிகள் தெரியும். செம்பை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால் மணிகளும் நெல் அவலாவது போலத் தட்டையாகிவிடும். நசுங்க நசுங்கச் செம்பு விறைத்துக்கொள்ளும். வளைத்தால் வளையாது. டொய்ங் என்று பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

அதைச் சூடாக்கினால், உருகுவதற்கெல்லாம் வெகு முன்பே, நசுங்கிய மணிகளின் இடுக்கில் புதிதாகச் சின்னச் சின்ன மணிகள் பிறக்கும். அவை பழைய மணிகளைத் தின்று தின்று அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். இதற்கு மறுபடிகமாதல் என்று பெயர். அதன் பிறகு செம்பு பழையபடி மெத்தென்று ஆகிவிடும். சூட்டை அதற்கு மேலும் விட்டுவிட்டால், புது மணிகள் ஒன்றையொன்று தின்று கொழுத்து வேறு தொல்லை கொடுக்கும். அது இன்னொரு அத்தியாயம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எவ்வளவு அதிகமாக நசுக்கினோமோ அவ்வளவு குறைந்த சூட்டிலேயே புது மணிகள் பிறந்துவிடும். லேசாக நசுங்கியது அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது.

அம்மாவுக்கு ஒருமுறை இதை விளக்கினேன். அம்மா முந்திரிப் பருப்பை உடைத்துக்கொண்டே முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப, ரொம்ப நொறுங்கிப் போனவன் ரெண்டு ஆறுதல் வார்த்தைக்கே சரியாயிருவான்னு சொல்லுத. இதுக்காகவா மூணு வருசமாப் படிக்க?”

என் ஆய்வுக் குழுவில் இருந்த எவரும் என் ஆய்வை இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

சரி, தகடுகளுக்கு வருவோம். ஒன்பதும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே கனம். ஒரு சாண் நீளம் இருக்கும். பார்த்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் ஒவ்வொன்றும் நசுங்கிய கதை வேறு. ஒன்றாம் நம்பர் நசுங்கவே இல்லை. ஒன்பதாம் நம்பர், பத்தில் ஒரு பங்காக மெலியும் வரை உருளைக்குள் போய் வந்தது. ஆள் மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் நம்பர் அடித்திருந்தேன். உருட்டிய திசை மறந்துவிடக் கூடாது என்று ஒரு முனையைச் சாய்வாக வெட்டியும் வைத்திருந்தேன். அந்த முனைதான் பின்னால் எனக்கு எமனாக வந்தது.

ஒன்பதாம் நம்பர் இருநூறு டிகிரிக்குக் கீழேயே மெத்தென்று ஆகிவிடும் என்பது என் வாதம். காலியாக இருந்த கட்டம் அதுதான்.

பணியாரச் சூடு

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஞானதுரை சார் அதை நம்பவில்லை. கொள்கையை அவர் மறுக்கவில்லை, என் கையைத்தான் நம்பவில்லை. கல்லூரியின் பழைய உருட்டு இயந்திரத்தில் உருட்டியதெல்லாம் ஓர் உருட்டா என்பது அவர் கேள்வி. “பணியாரம் சுடுத சூட்டுல செம்பு மாறாதும்மா” என்று சொல்லி, என் அட்டவணையை மூடிக் கொடுத்துவிட்டார்.

மேற்கே இன்னொரு கல்லூரியில் அருமையான உலை ஒன்று இருந்தது. அங்கே துறைத் தலைவர் மோசஸ் சார். ஞானதுரை சார் ஒரு கடிதம் கொடுத்தால் இரண்டு நாளில் என் வேலை முடிந்துவிடும். ஆனால் இரண்டு பேரும் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். ஒரே வகுப்பில் படித்து, ஒரே விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். என்ன சண்டை என்று யாருக்கும் தெரியாது. கருத்தரங்குகளில் ஒருவர் டீ குடிக்கும் பக்கம் மற்றவர் போக மாட்டார். எங்கள் துறையில் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. எல்லாக் கதையிலும் ஒரு பெண் வருவாள். எந்தக் கதைக்கும் ஆதாரம் கிடையாது.

நான் கடிதம் கேட்டபோது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிச்சயமாக மாறும் என்று தெரிந்தால் எழுதலாம், மாறாத செம்பை அனுப்பிவிட்டு அந்த ஆள் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்க முடியாது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த ஒன்பதாம் நம்பரையே எடுத்து அவர் மேசையில் அடித்திருப்பேன். விறைப்பாக இருந்ததால் நல்ல சத்தமும் வந்திருக்கும்.

ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மெத்தென்று ஆகிவிட்ட ஒன்பதாம் நம்பரை அவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு உலை வேண்டும். உலைக்குக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு மெத்தென்ற ஒன்பதாம் நம்பர் வேண்டும். நான்கு நாள் இப்படியே சுற்றிச் சுற்றி வந்தேன்.

மாவு வீட்டில், சூடு பேக்கரியில்

ஐந்தாம் நாள் அம்மா கேக் டின்னை என் கையில் கொடுத்து, பேக்கரியில் கொடுத்துவிட்டு வா என்றாள்.

எங்கள் ஊர் வழக்கம் இது. கிறிஸ்மஸ் வந்தால் மாவு மட்டும் வீட்டில் தயாராகும். திராட்சையும் முந்திரியும் ஊறப் போட்டு, முட்டை அடித்து, வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கொரு முறை கிண்டி, ருசி பார்க்கிறேன் என்று பாதியைத் தின்று, மீதியை டின்னில் ஊற்றி பேக்கரிக்குக் கொண்டு போவோம். காலையில் ரொட்டி வேலை முடிந்ததும் மாஸ்டர் தணலை வாரி வெளியே போட்டுவிடுவார். செங்கல்லில் மிச்சம் இருக்கும் சூட்டில், மதியத்துக்கு மேல், ஊர்க் கேக் எல்லாம் வேகும்.

இதில் முக்கியமான பிரச்சினை, எந்தக் கேக் யாருடையது என்பது. எல்லா டின்னும் ஒரே கடையில் வாங்கிய ஒரே டின். ஒரு வருடம் எங்கள் கேக் மாறிப் போய், எங்களுக்கு முந்திரியே இல்லாத கேக் ஒன்று வந்தது. அது யார் வீட்டுக் கேக் என்று அம்மா ஈஸ்டர் வரைக்கும் விசாரித்தாள். முந்திரி போடாத குடும்பத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்பது அவள் கட்சி.

அதற்குப் பிறகுதான் சவேரி மாஸ்டர் நம்பர் தகடு முறையைக் கொண்டுவந்தார். எண்ணெய் டின்னை வெட்டி, நம்பர் அடித்து, பாதி மாவுக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் குத்தி வைத்துவிடுவார். அதே நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பார். பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பண்டிகை முடிந்ததும் தகட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. போன வருடம் மட்டும் தகடுகள் துருப்பிடித்து, சில கேக்குகளில் காவிக் கோடு விழுந்து, மாஸ்டர் நிறைய ஏச்சு வாங்கினார்.

நான் டின்னோடு நின்றபோது மாஸ்டர் அடுப்பின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிட்டிகை மைதாவை அடுப்புத் தரையில் போட்டு, ஒரு ஜெபம் சொல்வார். ஜெபம் முடியும்போது மாவு பொன் நிறத்தில் இருந்தால் கேக்குச் சூடு. பாதி ஜெபத்திலேயே கருகினால் ரொட்டிச் சூடு. நாங்கள் வேதக்கார வீட்டு ஆட்கள், அதாவது புராட்டஸ்டண்ட்காரர்கள். எங்கள் கேக்கும் ஒரு கத்தோலிக்க ஜெபத்தில்தான் வேகிறது என்று அவர் வருடா வருடம் எங்களைக் கேலி செய்வார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுநாளே ஆய்வகத்தில் மிச்சம் இருந்த சூட்டுமானியைக் கொண்டுவந்து அடுப்புக்குள் நீட்டிப் பார்த்தேன். இருநூறுக்குக் கொஞ்சம் கீழே, சொல்லி வைத்தது போல நின்றது. அந்தச் சூட்டைத்தான் நான் நாலு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு சீட்டு, ஒரு பாட்டுப் பயிற்சி

பேக்கரி உரிமையாளர் அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டேன். அவர் பெரிய மனதோடு, அடுப்பு சும்மா தானே கிடக்கிறது, ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். மாஸ்டரிடம் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். அன்றைக்கே சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், சொல்ல மறந்துவிட்டார்.

நான் தகடுகளைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, தட்டில் வரிசையாக அடுக்கி, ‘அடுப்பில் வைக்கவும்’ என்று ஒரு சீட்டும் எழுதி வைத்தேன். நின்று பார்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கோயிலில் நாலு மணிக்குக் கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சி. நான் போகாவிட்டால் என் பிரிவில் ஒரே ஒரு அம்மாதான் மிஞ்சுவார். அவருக்குச் சுருதி கொஞ்சம் பிடிபடாது. அதனால் ஓடினேன்.

மாஸ்டர் பார்த்தார். பளபளவென்று ஒன்பது தகடுகள், எல்லாம் ஒரே அளவு. ஒன்றில் இருந்து ஒன்பது வரை நம்பர் வேறு. கேக்கில் குத்துவதற்கென்றே செய்தது போல ஒரு முனை சாய்வாக வெட்டியிருந்தது. ‘அடுப்பில் வைக்கவும்’ என்று சீட்டு. துருப் பிரச்சினைக்கு அண்ணாச்சி கடைசியில் செம்பிலேயே தகடு செய்து தந்துவிட்டார் என்று அவர் மனம் குளிர்ந்து போனது. முதல் ஒன்பது டின்னுக்கும் புதுத் தகடு, மீதிக்குப் பழைய தகடு என்று பிரித்துக் குத்தினார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இன்று வரை எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. அண்ணாச்சி மேல் உண்டு.

கேக் தின்ற கதை

மைதா மூட்டையில் இருந்து எழுந்து, மாஸ்டரின் நோட்டை வாங்கி, ஒன்றில் இருந்து எட்டு வரை பெயர்களைப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒன்பதாம் வரியையும் பார்த்தேன். பார்த்துவிட்டு நோட்டை மூடினேன். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ஸ்கூட்டரை எடுத்தேன். ஒரு வீட்டுக்குப் போய், உங்கள் கேக்கில் குத்தியிருக்கும் தகடு என்னுடையது, அதை ஒருமுறை வளைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் எட்டு வீட்டில் சொன்னேன். எட்டு வீட்டிலும் முதலில் என்னை உட்காரச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கிறிஸ்மஸ் நேரத்தில் உட்கார்ந்தவர்கள் தின்னாமல் எழுந்திருக்க முடியாது.

ஒன்றாம் நம்பர், ஒரு பெரியவரின் வேதாகமத்தில் சங்கீதங்களுக்கு நடுவே அடையாளமாக இருந்தது. இரண்டாம் நம்பர், ரோஜாச் செடித் தொட்டியில், இது என்ன நிறம் பூக்கும் என்று எழுதி ஒட்டப்பட்டு நின்றது. மூன்றாம் நம்பர், கேக்கோடு சேர்ந்து சாத்தான்குளம் பஸ்ஸில் போய்விட்டது. அது ஜனவரியில் ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு திரும்பி வந்தது. ஆறாம் நம்பர் போன வீட்டில் ஒரு பெரியம்மா, செம்பு கறுத்திருக்கிறதே என்று மனம் கேட்காமல், புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்க வைத்திருந்தார். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு வீட்டிலும், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, தகட்டை வளைத்துப் பார்த்தேன். ஒன்றாம் நம்பர் பிறவியிலேயே மெத்தென்றது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கிடைத்தவற்றில் ஆறு வரை எல்லாம் டொய்ங் என்று திரும்பி வந்தன. ஏழும் எட்டும் கொஞ்சம் தயங்கித் திரும்பின. இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். மாற வேண்டியது ஒன்பது. ஒன்பதும் டொய்ங் என்றால் ஞானதுரை சார் சொன்னதுதான் சரி, என் மூன்று வருடமும் வீண்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் ஆறு துண்டு கேக், நாலு கிளாஸ் திராட்சை ரசம், எண்ணிக்கை தெரியாத அச்சு முறுக்கு என் வயிற்றில் இருந்தன. நெஞ்சு கரித்தது. இனியும் தள்ளிப்போட முடியாது என்று ஒன்பதாம் வரிக்கு வண்டியைத் திருப்பினேன். நோட்டில் மாஸ்டரின் கையெழுத்தில் ‘9 – காலேஜ் பெரிய சார்’ என்று இருந்தது.

ஆமாம், என் வழிகாட்டியேதான்.

வால் இல்லாத ஒன்பது

கதவைத் திறந்தது அவர் மனைவி ரோஸ்லின் டீச்சர். பள்ளியில் சரித்திரம் எடுப்பவர். வாம்மா ஹெப்சி என்று முகம் நிறையச் சிரித்து, நேராகக் கேக் எடுக்க உள்ளே போனார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சாரைப் பார்த்துவிட்டேன்.

சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் என் தகடு இருந்தது. நுனியில் கேக் துணுக்கு ஒட்டியிருந்தது.

“இந்த ஒன்பதுக்கு வால் இல்ல பாத்தியா” என்றார். “நம்ம லேப் அச்சுலதான் ஒன்பதுக்கு வால் ஒடிஞ்சிருக்கும். என் வீட்டுக் கேக்குக்குள்ள இது எப்படி வந்துச்சுன்னு நேத்துல இருந்து யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். எலி, பணியாரம், அண்ணாச்சி, சீட்டு, பாட்டுப் பயிற்சி. சுருதி பிடிபடாத அம்மாவைக்கூட விடவில்லை. சார் ஏச ஆரம்பித்தார். ஆய்வுப் பொருளைத் தின்கிற பொருளில் வைக்கலாமா, சூட்டைத் தொடர்ந்து அளந்தாயா, எத்தனை நிமிடம் என்று குறித்தாயா, நாளைக்கு ஊரில் ஒருத்தருக்கு வயிறு கெட்டால் யார் பொறுப்பு என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். நான் தலையைக் குனிந்து நின்றேன்.

கேட்டுக்கொண்டே அவர் தகட்டைப் பிடித்து வளைத்தார். அந்தக் கோபத்தில் கை எதையாவது செய்ய வேண்டும் அல்லவா. வளைத்துவிட்டு விட்டார்.

தகடு திரும்பி வரவில்லை. வளைத்த இடத்தில் வளைந்தபடியே நின்றது.

சார் பேச்சை நிறுத்தினார். நேராக்கினார். மறுபடி வளைத்தார். பிறகு அடிப்பக்கத்தைப் பிடித்து வளைத்தார். அங்கே டொய்ங் என்றது. கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை பைய வளைத்து வளைத்துத் தடவிப் பார்த்தார்.

“எந்தப் பக்கம் மாவுக்குள்ள இருந்துச்சு?”

சாய்வு முனைப் பக்கம் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. மாவில் தண்ணீர் இருக்கிறது. அது ஆவியாகித் தீரும் வரை உள்ளே இருந்த பாதிக்குக் கொதிநீர்ச் சூட்டுக்கு மேல் ஏறவில்லை. அது பழையபடியே விறைப்பாக இருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதி முழு அடுப்புச் சூட்டில் நின்று மெத்தென்று ஆகிவிட்டது. ஒரே தகட்டில், ஒரு சாண் தூரத்துக்குள், மாறாததும் மாறியதும் சேர்ந்து இருந்தன. இப்படி ஒன்றைச் செய்து காட்டு என்று சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் மூன்று வருடம் ஆகியிருக்கும்.

எனக்குச் சந்தோஷத்தில் குதிக்கத் தோன்றியது. வயிற்றில் இருந்த ஆறு துண்டு கேக் விடவில்லை.

பாடம் நடந்தது

“ரோஸ்லின், இங்கன வா” என்று சார் கூப்பிட்டார். அவர் ஏசியதையே மறந்துவிட்டார். டீச்சர் வந்து ஒரு துண்டு கேக்கை என் கையில் வைத்துவிட்டு நிற்க, சார் பாடம் நடத்த ஆரம்பித்தார். இதோ பார், இந்தப் பாதி எவ்வளவு விறைப்பு, இந்தப் பாதி எவ்வளவு மெத்து. மெத்தான பாதியை ஒருமுறை வளைத்தார். இப்போது இந்த இடத்தில் உள்ளே மணிகள் கசங்கியிருக்கும், அதனால் இந்த இடம் கொஞ்சம் விறைத்திருக்கும். நிமிர்த்தினார். இப்போது இன்னும் கொஞ்சம். அடுத்த இடத்தை வளைத்தார். அதற்கு அடுத்த இடம். நுனி வரைக்கும் போனார். திரும்ப நடுவுக்கு வந்தார்.

நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தில் ஏழு, எட்டு, ஒன்பது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கசங்கக் கசங்க விறைக்கும், விறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தாங்காது. ஓர் ஆராய்ச்சி மாணவி தன் வழிகாட்டியிடம் எத்தனையோ சொல்லலாம். போதும் சார், அதைக் கீழே வையுங்கள் என்று சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு வரவில்லை. பதினொன்று. பன்னிரண்டு.

“நம்பிட்டேன்னு நினைக்காத” என்று சார் என் பக்கம் திரும்பினார். “லீவு முடிஞ்சு இத நுண்ணோக்கியில வச்சுப் பாக்கணும். புது மணி பொறந்திருக்கத என் கண்ணால பாத்தாத்தான் அவனுக்குக் கடிதம். அதுவரைக்கும் இதப் பத்திரமா—”

டிக் என்று ஒரு சின்னச் சத்தம். சாரின் வலது கையில் பாதியும் இடது கையில் பாதியும் இருந்தன.

தெருவில் யாரோ நட்சத்திரம் கட்டுவதற்கு ஏணியை இழுத்துக்கொண்டு போனார்கள். சார் இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. விட்டதும் பிரிந்தது.

“பத்திரமா வச்சாச்சு” என்றார் ரோஸ்லின் டீச்சர்.

உடைந்தால் என்ன, துண்டை நுண்ணோக்கியில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். மெத்தான பாதியில் அவர் வளைத்துக் கசக்காத இடம் என்று கடுகளவும் மிச்சம் இல்லை. அதற்குள் எந்த மணியும் இனி ஒழுங்காக இருக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை. பேராசிரியர் வீட்டுக் கூடத்தில் நின்று, கையில் கேக்கை வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன்.

சார் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. வகுப்பில் பொருளை உடைத்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிற்கும் முதல் வருடப் பையனின் முகம் அது. பிறகு எழுந்து உள்ளே போனார். தாள் கிழிக்கும் சத்தம் கேட்டது. மறுபடி கிழித்தார். நாலைந்து தாளாவது போயிருக்கும். வெளியே வந்தபோது கையில் மடித்த ஒரு காகிதம். போய் அந்த ஆளிடம் கொடு என்று மட்டும் சொன்னார்.

உறை இல்லாத கடிதம். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். தெரு முக்கு வரைக்கும் பொறுத்தேன்.

*“ஏலே மோசஸ், நம்ம பிள்ளை ஒருத்தி வாரா. ஒன் உலைய ரெண்டு நாள் குடு. அவ சொல்லுதது சரிதான், நான் கையால பாத்துட்டேன். பாத்துட்டு நானே அத ஒடிச்சும் போட்டேன். அன்னைக்கு ஹாஸ்டல்ல ஒன் பேட்மிண்டன் மட்டைய ஒடிச்சதும் நான்தான். சும்மா வளைச்சுப் பாத்தேன்.”*

மேற்கே

புது வருடம் பிறந்ததும், பழைய இயந்திரத்திலேயே இரண்டு நாள் உருட்டி, புதிதாக ஓர் ஒன்பதாம் நம்பரைச் செய்துகொண்டு மேற்கே பஸ் ஏறினேன். அது என்ன ஆனது என்பதற்கு இப்போது என் பெயருக்கு முன்னால் இருக்கும் பட்டமே சாட்சி. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது பட்டம் வாங்கிய நாள் இல்லை. அந்தக் காலைதான்.

மோசஸ் சார் நல்ல உயரம், வெள்ளை மீசை. யார் அனுப்பியது என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. நின்றபடியே கடிதத்தைப் பிரித்துப் படித்தார். இன்னொரு முறை முதலில் இருந்து படித்தார். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திரும்ப எடுத்து மூன்றாம் முறையும் படித்தார். கண் கலங்கியிருந்தது, அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பிறகு உலையிடம் நடந்து போய்த் தன் கையாலேயே சுவிட்சைப் போட்டார்.

“அவன்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லா” என்றார். “அவன் வாயால சொல்லட்டும்னுதான் இவ்வளவு வருசமும் இருந்தேன். சரி, ஒன் தகடக் குடு.”